கடதாசி மதரும் என் மரண அறிவித்தலும்

நெடுந்தீவு,
2025 மாசி 22.

அன்புள்ள மகன் சுபாஸ்கரனுக்கு,

நான் சுகம். வழக்கமாக இந்த வசனத்தை மரியாதைக்காக எழுதுவேன், இந்த முறை தகவலுக்காக எழுதுகிறேன். நீரும் மருமகளும் பிள்ளைகள் கம்சாயினியும் ஷாருஜனும் அந்தப் பனிக்குள் தடிமன் காய்ச்சல் வராமல் இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் பற்றி ஊரிலும் ரொறன்ரோவிலும் மூன்று விதமான கதை நடக்கிறது என்று அறிகிறேன். நான் இறந்துவிட்டேன் என்பது ஒன்று. இறந்து, மைதானத்தில் வைத்து உயிர் வந்தது என்பது இன்னொன்று. யார் அழுகிறார்கள், யார் அழவில்லை என்று பார்ப்பதற்காக நானே என்னைக் கடதாசியில் செய்து ஊர்வலம் விட்டேன் என்பது மூன்றாவது. மூன்றும் பிழை. நான் இறக்கவில்லை, ஆகவே உயிர் திரும்பி வரவும் இல்லை, கடதாசியில் செய்தது என்னையும் அல்ல, மதர் கொலெற்றை. அன்று பின்னேரம் போனில் பேசியபோது நீர் முதலில் அழுதுகொண்டிருந்தீர், நான் விளக்கம் சொல்லத் தொடங்க லைன் அறுந்தது, திரும்ப எடுத்தபோது கோபமாக இருந்தீர். இரண்டுமே விளக்கம் கேட்கிற நிலை அல்ல. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஆறுதலாக இருந்து வாசியும்.

எங்கள் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி உமக்கு மறந்திருக்காது. ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் கிடைக்கிற புள்ளியைவிட இல்ல அலங்காரத்துக்குக் கிடைக்கிற புள்ளிக்காகச் சண்டை பிடிக்கிற வழக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு இல்லமும் மைதானக் கரையில் தன் கொட்டகையைக் கட்டி, அதற்கு முன்னால் கோபுரமோ கப்பலோ யானையோ செய்து நிறுத்துகிறது. இந்த வருடம் நீல இல்லத்துக்குப் பொறுப்பு நிமலினி என்கிற இளம் ரீச்சர், நல்ல பிள்ளை, கையெழுத்து மட்டும் திருந்த வேண்டும். தை மாதம் என்னிடம் வந்தார். நீல இல்லத்துக்கு மதர் கொலெற்றின் பெயர் வைத்திருக்கிறது, ஆனால் மதர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, நீங்கள் அவரிடம் படித்தவர், ஒரு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தாருங்கள் என்றார். ஒரு பிள்ளை பரீட்சையில் மதர் கொலெற் ஒரு புனிதை என்று எழுதியிருந்ததாம். மதர் புனிதை அல்ல. மடத்துக் கன்னியாஸ்திரி, எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர். நான் குறிப்பை எழுதிக் கொடுத்தேன். பிறகு கதையோடு கதையாக, மதரின் உருவத்தை ரெஜிபோமில், அந்த வெள்ளை நுரைத் தகட்டில், வெட்டி நிறுத்தப் போகிறோம் என்றார். நான் ரெஜிபோமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மதரின் உடுப்புக்கு என்ன நிறம் அடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். நீலம் என்றார், நீல இல்லம் என்றபடியால். மதர் ஒருநாளும் நீலம் உடுத்தவர் அல்ல. அதோடு அந்த வேலை என் வீட்டு ஹோலுக்கு வந்துவிட்டது.

மதர் ஐந்தரை அடி உயரம். நாங்கள் அதை இரண்டால் பெருக்கிப் பதினொரு அடியில் செய்வது என்று முடிவு செய்தோம். உமது அக்கா யூலியானாவும் ஐந்தரை அடி, ஆகவே அளவெடுக்க அவளை நிறுத்தினேன். அவள்தான் தினமும் காலையில் எனக்குப் பால் கொண்டு வருகிறவள், மாடு கட்ட வேண்டும் மாடு கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பின்னேரம் தலையில் கட்டில் விரிப்பைப் போட்டுக்கொண்டு ஹோலின் நடுவில் நின்றாள். தோளில் இருந்து முழங்கை, முழங்கையில் இருந்து மணிக்கட்டு, நாடியில் இருந்து நெற்றி, எல்லாவற்றையும் நான் நாடாவால் அளந்து சொல்ல அவளுடைய மகள் கோபிகா எழுதினாள். நிமலினி ரீச்சர் உயரம் இரண்டு மடங்கு என்றபடியால் கடதாசியும் இரண்டு மடங்கு போதும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தார். உயரம் இரண்டு மடங்கானால் ஒட்ட வேண்டிய மேற்பரப்பு நாலு மடங்காகும் என்று அவருக்கு ஒரு பெட்டி வரைந்து காட்டினேன். பாவம், அவர் சங்கீத ரீச்சர். அதற்குப் பிறகு ஊரில் உள்ள பழைய பத்திரிகை எல்லாம் என் வீட்டுக்கு வந்தது. வீடு கட்டுகிறவர்களிடம் சீமெந்துப் பையும் வாங்கினோம்.

மூங்கில் இங்கே இல்லாதபடியால் எலும்புக்குப் பூவரசங்கம்பும் பனைமட்டையும் வைத்து, கட்டுக்கம்பியால் இறுக்கி, அதன்மேல் கோழிக்கூட்டு வலையை உடம்பு மாதிரி வளைத்தோம். வளைத்தது யூலியானாவின் மனிசன், உமது அத்தான். கடதாசியை ஒருபோதும் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது, கையால் கிழிக்க வேண்டும், வெட்டின கரை தழும்பு மாதிரித் தெரியும், கிழித்த கரை ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிப் போய்விடும். ஒரு தட்டுப் பத்திரிகை, காய்ந்த பிறகு ஒரு தட்டுச் சீமெந்துப் பை, பிறகு திரும்பப் பத்திரிகை. நிறம் மாறி மாறி வருவதால் எந்த இடம் விடுபட்டது என்று பார்த்தவுடன் தெரியும், பிள்ளைகள் ஒட்டிவிட்டோம் என்று பொய் சொல்லவும் ஏலாது. கோதுமை மாப்பசைதான் காய்ச்சினோம். முதல் செய்த வலது கையை வாசலில் காய வைத்திருந்தபோது யூலியானாவின் பசுக்கன்று வந்து முழங்கை வரை தின்றுவிட்டது. அதற்குப் பிறகு வேப்பிலை அவித்த தண்ணீரில் பசை காய்ச்சினோம். மதரில் ஒரு மாடும் பிறகு வாய் வைக்கவில்லை. செபமாலைக்குப் பனங்கொட்டை கோப்போம் என்று கோபிகா சொன்னாள், கோத்தோம், பாரம் இடுப்பை ஒரு பக்கம் இழுத்துவிட்டது, ஆகவே கடதாசி உருண்டைகளைக் கோத்துக் கறுப்பு அடித்தோம்.

தலையில்தான் நான் பிழைவிட்டேன். உள்ள அளவை அப்படியே இரண்டால் பெருக்கிச் செய்தேன், மேசையில் வைத்துப் பார்க்க ஒரு குறையும் இல்லை. தேங்காய் பறிக்கிற ஏணியில் ஏற்றிப் பிடித்துக் கீழே நின்று பார்த்தால், மதர் ஒரு தென்னைமரத்தின் உச்சியில் இருக்கிற குரும்பட்டி மாதிரி இருந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குத் தூரத்தில் இருப்பது சிறுத்துத்தான் தெரியும், மேலே போகப் போகக் கொஞ்சம் பெருப்பித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாம் தலை செய்தேன், முகத்தையும் கொஞ்சம் குனிய வைத்தேன், எப்படியும் மதர் எங்களைக் குனிந்துதான் பார்ப்பார். மதரின் படம் ஒன்றுதான் இருக்கிறது, அதில் அவர் முகம் ஒரு முத்திரை அளவு. மிச்சம் என் ஞாபகம். மூக்குக்கு மட்டும் யூலியானாவை அளந்தேன், அவளுடையது உமது அப்பாவின் மூக்கு, அதனால் மதருக்கும் அப்பாவின் மூக்கு வந்துவிட்டது. முக்காடு போட்டால் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தது. ஃபாதர் வந்து பார்த்துவிட்டு, சந்தியாப்பிள்ளை மாஸ்ரர் ஒரு பக்கத்தால பார்க்கிற மாதிரிக் கிடக்கு ரீச்சர் என்றார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மூக்கை அளந்துகொண்டிருந்தபோது யூலியானா, அசையாமல் நில் என்று நான் சொல்லியும் கேளாமல், தம்பிக்கு இப்பவும் பனி தொடங்கினா மூக்கடைப்பு வாறதோ அம்மா என்று கேட்டாள். ஓம் என்றேன். வேப்பெண்ணெய் வைக்கிறவனோ, இல்லை அங்கத்தை மருந்துதானோ என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். மூக்கின் அளவைச் சொன்னேன், கோபிகா எழுதினாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை நடந்தது. பதினொரு அடியை ஒரேயடியாகக் கொண்டுபோக முடியாது என்றபடியால் மதரை இடுப்பில் இரண்டாகப் பிரித்துச் செய்திருந்தோம், மைதானத்தில் வைத்துப் பூட்டுகிற மாதிரி. காலை ஆறு மணிக்குக் கீழ்ப்பாதியை, அதாவது அங்கியின் பாவாடைப் பக்கத்தை, லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றினார்கள், அது வாசலால் வராமல் உமது அத்தான் கதவைக் கழற்ற வேண்டியும் வந்தது. சாய்ந்துவிடும் என்று பயந்து நானும் அந்தப் பெட்டியில் ஏறி, மதரின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு முன்னாலே போய்விட்டேன். போனை வீட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனேன். மைதானத்துக்கு ஆசிரியர்கள் போன் கொண்டு வரக்கூடாது என்று நான் பிரதி அதிபராக இருந்தபோது போட்ட சட்டம், இளைப்பாறிவிட்டதால் எனக்கு அது இல்லை என்று ஆகாது.

மேற்பாதி பின்னால் வந்தது. இரண்டு கையும் முன்னால் கோத்தபடி செய்திருந்தோம், தலையோடு சேர்த்து ஆறடி வரும், படுக்க வைத்துத்தான் தூக்க வேண்டும். அந்த நீளத்துக்குத் தோதான பலகை ஊரில் ஒன்றுதான் இருக்கிறது, சேமக்காலைக் கொட்டிலில் இருக்கிற, சவப்பெட்டி வைத்துத் தூக்குகிற நாலு பிடிப் பலகை. உமது அத்தான் முதல்நாள் ஃபாதரிடம் கேட்டு எடுத்து வந்திருந்தார். பனியில் கடதாசி ஊறிவிடும் என்று மதரை உச்சியில் இருந்து வெள்ளை விரிப்பால் மூடிக் கட்டினார்கள். ஒழுங்கை இரண்டு பக்கமும் கல்வேலி, உமக்குத் தெரியும், அகலம் காணாது, ஆகவே நாலு பேரும் பலகையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் நீல இல்லத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு இரண்டு இரண்டு பேராக, கொட்டகைக்கு ஒட்டுகிற கடதாசிப் பூவைக் கையில் பிடித்துக்கொண்டு. நிமலினி ரீச்சர் பிள்ளைகளிடம், வாய் திறக்காமல் ஒழுங்காக வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நீரே யோசித்துப் பாரும்.

யூலியானா தலைமாட்டில் வந்தாள். மூக்கு இரண்டாம் முறை செய்தது, அது உடையக்கூடாது என்பது அவளுக்கு என் கட்டளை. தூக்கினவர்கள் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், ஐயோ சரிக்காதேங்கோ, தலையைப் பாருங்கோ, ஐயோ அம்மா என்னைக் கொல்லுவா என்று கத்திக்கொண்டு வந்திருக்கிறாள். தூரத்தில் கேட்டவர்களுக்கு ஐயோ அம்மா என்பது மட்டும் கேட்டிருக்கிறது. ஆண்கள் சைக்கிளில் இருந்து இறங்கி நின்றார்களாம். பெண்கள் படலையடிக்கு வந்து சிலுவை போட்டார்களாம். கடைக்காரர் ஒரு கதவைச் சாத்தினாராம். பிள்ளைகள் எல்லாரும் மதருக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. போகிற சவத்தை மறித்து இது யார் என்று கேட்கிற பழக்கம் எங்கள் தீவில் இல்லை, என் வாசலில் இருந்து போனதால் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கோயிலில் மணி அடிக்கிற சின்னக்குட்டி, காலையில் கொட்டிலில் பலகையைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு றோட்டுக்கு வந்தவர், பலகை தோளில் போவதைக் கண்டிருக்கிறார். திரும்பிப் போய் துக்க மணி அடித்துவிட்டார். மணி அடிக்க முதல் ஃபாதரைக் கேட்டனீரோ என்று பிறகு நான் விசாரித்தேன். ஃபாதர் உங்கட விளையாட்டுப் போட்டிக்குத் துவக்கு வெடிக்கப் போயிட்டார், பலகை போகுது, பிள்ளையள் வெள்ளையோட போகுதுகள், யூலியானாப்பிள்ளை தலைமாட்டில குழறுது, இதுக்கு மேல நான் ஆரைக் கேக்கிறது ரீச்சர் என்றார். அவர் நியாயம் பிழையென்று சொல்ல முடியவில்லை.

மணிச்சத்தம் மைதானத்தில் எனக்கும் கேட்டது. யாரோ பாவம் என்று நானும் ஒரு அருள்நிறை மரியாயே சொன்னேன். அது எனக்கே சொன்னது என்று அப்போது தெரியாது. கொஞ்ச நேரத்தில் சனம் மைதானத்துக்கு வரத் தொடங்கியது, வருகிறவர்கள் என்னைக் கண்டவுடன் நின்றுவிட்டார்கள். நான் மதரின் இடுப்பில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் சின்னக்குட்டி கிட்ட வந்து, ரீச்சர் நீங்கள் செத்திட்டியளாம் என்றார். இன்னும் இல்லை, அந்தக் கம்பிக் குறட்டை எடுத்துத் தாரும் என்றேன். மேற்பாதியைப் பூட்டி விரிப்பை எடுத்தபோது மைதானத்தில் ஒரு சத்தம் எழுந்தது, கைதட்டல் என்று நிமலினி ரீச்சர் சொல்கிறார். மதர் நேராக நின்றார். காற்றடித்தும் அசையவில்லை. அலங்காரத்துக்கு இரண்டாம் இடம். முதலாம் இடம் சிவப்பு இல்லத்துக்கு, அவர்கள் ரொக்கற் செய்து அதன் வாலால் புகை விட்டார்கள். ரொக்கற் நேராக நிற்கவில்லை என்று நடுவருக்குச் சொன்னேன், அவர் அது புறப்படுகிற ரொக்கற் அம்மா என்றார். மதர் இப்போது பாடசாலை மண்டபத்தின் மூலையில் நிற்கிறார். அதை எரித்துப்போடுங்கோ என்று நீர் போனில் சொன்னீர். எரிக்க மாட்டோம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, மாடி விறாந்தையில் நின்று பார்த்த எங்கள் பக்கத்துவீட்டுக் கிறேசம்மா அதை வீடியோ எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்ப, தங்கை அங்கே உமக்கு அனுப்பியிருக்கிறா. நீர் எனக்குப் போன் எடுத்தீர், அது மேசையில் கிடந்து அடித்தது. கிறேசம்மாவுக்கு எடுத்தீர். நீர் கேட்டதையும் தான் சொன்னதையும் அவ எனக்கு வேலிக்கு மேலால் அப்படியே சொன்னா, வெட்கம் என்பது அவவிடம் எப்போதும் குறைவு. நான் கண்ணால கண்டனான் தம்பி, மணியும் அடிச்சாச்சு, யூலியானா தலைமாட்டில நிண்டு கத்திக்கொண்டு போறாள் என்று உமக்குச் சொன்னாவாம். அதற்கு நீர் என்ன சொன்னீர் என்று கேட்டேன். இந்த முறையும் எனக்குப் பொறுக்க மாட்டாளாமோ என்று கேட்டார் என்றா. அதற்குப் பிறகுதான் நீர் என் மரண அறிவித்தலை இணையத்தில் போட்டிருக்கிறீர்.

நாங்கள் பின்னேரம் களைத்து வீட்டுக்கு வந்தபோது கோபிகா தன் போனில் அதைக் காட்டினாள். நான் கண்ணாடி போட்டு வாசித்தேன். இரவோடு இரவாக, அழுதுகொண்டு எழுதியிருப்பீர் என்று விளங்குகிறது, ஆனாலும் திருத்தங்களைச் சொல்ல வேண்டும். என் வயது எண்பத்தொன்று அல்ல, எழுபத்தொன்பது. நான் பிறந்தது நெடுந்தீவில் அல்ல, ஊர்காவற்றுறையில், இங்கே வந்தது மடத்தில் தங்கிப் படிக்க. இளைப்பாறிய உதவி ஆசிரியை என்று போட்டிருக்கிறீர், நான் பிரதி அதிபராக இளைப்பாறினேன். பதின்மூன்றாம் திகதி இறைவனடி சேர்ந்ததாகப் போட்டிருக்கிறீர், அது உமது ஊர்த் திகதி, எங்கள் ஊரில் பதினான்கு, பதின்மூன்றாம் திகதி நான் மதரின் சப்பாத்துக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். படம் நல்லது. அந்தச் சேலை எனக்கும் பிடிக்கும். அன்பான ஆசிரியை என்று எழுதியிருக்கிறீர், அப்படி ஒருவரும் என்னைச் சொன்னதில்லை, இருந்தாலும் அதை விடும்.

பிறகு, சுபாஸ்கரனின் பாசமிகு தாயாரும், கம்சாயினி ஷாருஜன் ஆகியோரின் அன்புப் பாட்டியும் ஆவார் என்று இருந்தது. நான் அடுத்த வரியைப் பார்த்தேன். அடுத்த வரியில் மகன் வரும்வரை நல்லடக்கம் நடைபெறாது என்று இருந்தது. மேலே போய்த் திரும்ப வாசித்தேன். யூலியானாவின் பெயர் இல்லை. கோபிகாவின் பெயரும் இல்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, அம்மம்மா, போன்ல சின்ன எழுத்து, விடுபட்டிருக்கும் என்றாள். யூலியானா என் தோளுக்கு மேலால் அதை வாசித்தாள். நல்ல படமாத் தேடிப் போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டாள். சீனி போட மறந்துவிட்டாள். நான் அப்படியே குடித்தேன். அவளும் தன்னுடையதைக் குடித்தாள், அதிலும் சீனி இருந்திருக்காது.

மகன், அப்பாவின் அடக்கத்துக்கு நீர் வந்து சேர முதல் மண் போட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில் மூன்று வருடமாக நீர் அக்காவோடு பேசுவதில்லை. காரணத்தைப் போனில் சொல்லியிருக்கிறேன், நீர் அதைச் சாட்டு என்று எடுத்தீர், இப்போது எழுத்தில் சொல்கிறேன். அது மார்கழி, வாடைக் காற்றுக்குக் கடல் எழும்பி வள்ளம் ஒன்றும் ஓடவில்லை. அப்பாவின் உடலை யாழ்ப்பாணம் கொண்டுபோய்ப் பழுதாகாமல் மருந்து ஏற்றவும் வழியில்லை, ஐஸ் கொண்டு வரவும் வழியில்லை. வள்ளம் எப்போது ஓடும் என்று துறைமுகத்தில் போய்க் கேட்டு, மழையில் நனைந்து திரும்பி வந்தது யூலியானா. ஒருமுறை அல்ல. அடுத்த நாள் பின்னேரமாகும்போது அப்பாவின் முகம் மாறத் தொடங்கிவிட்டது. பெட்டியை மூடுங்கள் என்று சொன்னது நான். தம்பி வாறான் அம்மா, பொறுங்கோ என்று சொன்னது அவள். நீர் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இது நேர்மாறு. அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது, இன்றைக்கு நடந்தாலும் அப்படித்தான் சொல்வேன். கோபப்பட வேண்டுமானால் என்னோடு கோபப்படும், நான் தாங்குவேன்.

நான் இறந்தேன் என்று கேட்டவுடன் நீர் அடுத்த நாளே பிளேன் ஏற இருந்தீர் என்றும், உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தவுடன் பயணத்தை நிறுத்திவிட்டீர் என்றும் மருமகள் சொன்னார். இதை நான் குறையாக எழுதவில்லை. லீவு எடுப்பது அங்கே கஷ்டம் என்று தெரியும். ஆனால் தலைமாட்டில் அக்கா கத்திக்கொண்டு போகிறாள் என்று கேட்ட பிறகும் அவளை விட்டு எழுதியிருக்கிறீர். அவளுக்குத் தாய் செத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டுதானே அதை எழுதினீர். அதை மறதி என்று நீர் சொல்ல மாட்டீர், நானும் அப்படி எடுக்க மாட்டேன், உம்மை நான் அப்படி வளர்க்கவில்லை, உமக்குப் பொய் சொல்ல வராது.

இங்கே மற்றப்படி விசேடம் இல்லை. கிணற்றுத் தண்ணீர் இந்த வருடம் அவ்வளவு உப்பில்லை. பிறஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன், கதவைத் திரும்பப் பூட்டியாகிவிட்டது, கொஞ்சம் உரசுகிறது. ஷாருஜனைத் தமிழ் வகுப்புக்கு மறிக்காமல் அனுப்பும், கம்சாயினியைக் காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடச் சொல்லும். இரவில் கார் ஓட்டும்போது போனைப் பார்க்காதேயும். பனிக்குத் தலையை மூடிக்கொண்டு போம், உமக்கு மூக்கடைப்பு வரும். பென்சனுக்கு நான் உயிரோடு இருக்கிறேன் என்று இந்த மாதம் கிராம சேவகரிடம் போய்க் காட்ட வேண்டியிருந்தது, அவர், முழுத் தீவுமே பாத்ததுதானே ரீச்சர், நீங்கள் வரத் தேவையில்லை என்றார். ஆண்டவர் உம்மையும் உமது வீட்டாரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும், உமது கைபட்டது எல்லாம் நன்றாக வரவேண்டும், அதைத்தான் தினமும் செபத்தில் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இந்த முறை வந்த அறிவித்தலை நான் வாசித்தேன், பிழையைச் சொல்ல முடிந்தது. அடுத்த முறை வருவதை நான் வாசிக்க மாட்டேன். ஆகவே அதை இப்போதே எழுதும். வயதும் ஊரும் மேலே தந்திருக்கிறேன், திகதியை மட்டும் வெறுமையாக விடும். யூலியானா மூத்தவள், அவள் பெயர் முதலில், உமது பெயர் அதற்குப் பிறகு, பேரப்பிள்ளைகளில் கோபிகாவும். போனில் சொல்வதை நான் ஏற்க மாட்டேன், வட்ஸ்அப்பில் அனுப்புவதையும் ஏற்க மாட்டேன். உமது கையால் கடதாசியில் எழுதி, தபாலில் எனக்கு அனுப்பும். எழுத முடியாது என்றால் அதையும் எழுதும். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உமது அம்மா,
மரிய பிலோமினா சந்தியாப்பிள்ளை
(இளைப்பாறிய பிரதி அதிபர்)